கிட்டப்பாவும் கறுப்புத் தட்டும்

குட்டீஸ், மைக் இல்லாத காலத்தில், நாடகக் கொட்டகையின் கடைசி வரிசை வரை கேட்கும்படி பாடியவர் எஸ்.ஜி.கிட்டப்பா. 1906-ம் ஆண்டு ஆகஸ்ட் 25-ந் தேதி செங்கோட்டையில் பிறந்தார். வீட்டில் வறுமை. அதனால், நீங்கள் சிலேட்டும் பையுமாகப் பள்ளிக்குப் போன வயதில், அவர் அண்ணன்மாரோடு நாடக மேடை ஏறிவிட்டார். பிறகு கன்னையா கம்பெனியின் 'தசாவதாரம்' நாடகத்தில் நடித்துப் பெரும் புகழ் பெற்றார். அவரும் கே.பி.சுந்தராம்பாளும் ஜோடியாக நடித்தால் கொட்டகை நிரம்பிவிடும். 1927-ல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள்.

1931-ல் தமிழ் பேசும் படம் வந்தது. ஆனால், கிட்டப்பா எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. 1933 டிசம்பர் 2-ந் தேதி, 27 வயதிலேயே இறந்துவிட்டார். பாவம், இல்லையா? இன்று அவர் குரலைக் கேட்க நமக்கு இருப்பவை அவர் பாடிக் கொடுத்த கிராமபோன் தட்டுகள் மட்டும்தான்.

அந்தத் தட்டு எதனால் ஆனது தெரியுமா? அரக்கு! மரக்கிளையில் அரக்குப் பூச்சி உண்டாக்கும் பிசினோடு கல் பொடியும் கரியும் கலந்து அழுத்திச் செய்தார்கள். கையில் எடுத்தால் கனமாக இருக்கும். கீழே விழுந்தால் அப்பளம் போல நொறுங்கும். ஒரு பக்கத்தில் மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேல்தான் பாட முடியும். மேடையில் ரசிகர்கள் கேட்கக் கேட்க நீட்டிப் பாடியவர், இங்கே கடிகாரத்தைப் பார்த்து முடிக்க வேண்டும். பிசகினால் வெட்டி ஒட்ட வழியில்லை. மறுபடி முதலிலிருந்து பாட வேண்டும்.

அதைக் கேட்பதிலும் தொல்லைதான். இரும்பு ஊசியை ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்ற வேண்டும். மழுங்கிய ஊசி தட்டின் வரிகளைத் தேய்த்துவிடும். அப்புறம் பாட்டை விட இரைச்சல்தான் அதிகம் கேட்கும். வேகமும் முக்கியம். நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்ற வேண்டிய தட்டு 83 சுற்றினால், சுருதி ஏறக்குறைய அரை சுரம் ஏறிவிடும். சாவி தளர்ந்தாலோ, குரல் இழுத்துத் தடித்துப் போகும். உச்ச சுருதியில் பாடிப் பெயர் வாங்கியவர் கிட்டப்பா. வேகம் தப்பினால் நாம் கேட்பது அவர் குரலே அல்ல!

1948-ல் வினைல் எல்.பி. தட்டு வந்தது. அது எளிதில் உடையாது, ஒரு பக்கம் 20 நிமிஷத்துக்கு மேல் ஓடும். இப்போது 180 கிராம் தட்டு என்று கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். கனம் கூடினால் பாட்டு இனிக்கும் என்று நம்பிவிடாதீர்கள். வரிகளை எப்படி வெட்டியிருக்கிறார்கள் என்பதுதான் முக்கியம்.

புதுக்கோட்டை மாவட்டம் கீரனூரில் இதைப் படிக்கும் குட்டீஸ், உங்கள் ஊர்ப் பழைய வீட்டுப் பரணில் அரக்குத் தட்டு கிடைத்தால் ஓரத்தை மட்டும் பிடித்து எடுங்கள். எல்.பி. ஊசியில் போடாதீர்கள், அது மெல்லியது, அகலமான பள்ளத்தின் அடியில் போய் உரசும். தூசியை மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். ஸ்பிரிட் மட்டும் தொடவே கூடாது. அதில் அரக்கு கரைந்துவிடும், அதோடு பாட்டும்!