உணவே அரண்

நுழையும்முன்

விரலில் முள் தைத்தால் அவ்விடம் சிவந்து வீங்குகிறது, சூடேறி வலிக்கிறது. உடல் தன்னைக் காத்துக்கொள்ள நிகழ்த்தும் இப்போராட்டமே அழற்சி. அது உரிய காலத்தில் அடங்கினால் புண் ஆறும். அடங்காது நீண்டால் அதுவே நோயாகும். சிலர் உடல் விரைந்து தேறுவதும் சிலர் உடல் தேறாமல் நலிவதும் எதனால்? அதற்கான விடையை உணவில் தேடிய அறிஞர் ஒருவரின் வாழ்வை அறிவோம்.

மேற்கே நெல்லியாளம் தொடங்கிக் கிழக்கே கோத்தகிரி வரை தேயிலைத் தோட்டங்கள் போர்த்திய நீலகிரி, கோடை வாழிடமாகவே பலராலும் அறியப்படுகிறது. இந்திய ஊட்டச்சத்து ஆய்வின் பிறப்பிடமும் அதுவே. குன்னூரில் அதற்கு வித்திட்டவர் இராபர்ட் மெக்காரிசன்.

எல்லைப்புற மருத்துவர்

மெக்காரிசன் 1878ஆம் ஆண்டு மார்ச்சு 15ஆம் நாள் அயர்லாந்தின் போர்ட்டடவுன் என்னும் ஊரில் பிறந்தார். பெல்பாஸ்ட் நகரில் மருத்துவம் பயின்று, 1901இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். வடமேற்கு எல்லையில் உள்ள கில்கித் பள்ளத்தாக்கில் கழுத்துக்கழலை நோய் பரவியிருப்பதைக் கண்டார். மாசுற்ற நீரே அதற்குக் காரணம் எனக் கருதி, அந்நீரின் வண்டலைத் தாமே அருந்திச் சோதித்தார். அயோடின் குறைவே அந்நோயின் முதன்மைக் காரணம் என்பது பின்னர் உறுதியாயிற்று. எனினும், நோயாளிக்கு மருந்தளிப்பதோடு நில்லாமல் நோயின் வேரைத் தேடும் அவரது இயல்பு அங்கேயே வெளிப்பட்டது.

அண்டை நிலமான ஹன்சாவின் மக்கள் அவரை வியக்கவைத்தனர். தானியம், காய், கனி, பால் ஆகிய எளிய உணவை உண்ட அவர்கள் உடலுறுதியோடு வாழ்ந்தனர். மனிதர் ஏன் நோயுறுகின்றனர் என்பதோடு, ஏன் நலமாக இருக்கின்றனர் என்றும் அவர் சிந்திக்கத் தொடங்கினார்.

ஓர் அறையில் தொடங்கிய ஆய்வு

1918ஆம் ஆண்டு குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஒரேயோர் அறையில் பெரிபெரி நோய் ஆய்வு தொடங்கியது. நரம்புகளைத் தளர்த்திக் கால்களை வீங்கச்செய்து இதயத்தை நலிவிக்கும் அந்நோய், ஆலையில் தீட்டிய பச்சரிசியை மட்டுமே நம்பி வாழ்ந்தோரைத் தாக்கியது.

மெக்காரிசன் புறாக்களுக்குத் தீட்டிய அரிசியையும், குரங்குகளுக்குச் சத்துக் குறைந்த உணவையும் அளித்து ஆராய்ந்தார். குறைபாடு நரம்பை மட்டும் தாக்கவில்லை; குரங்குகளின் இரைப்பையிலும் குடலிலும் புண்ணும் அழற்சியும் தோன்றின. உணவுப்பாதையின் உட்படலம் சிதையும்போது நுண்ணுயிரிகளுக்கு வழி திறக்கிறது என்பதை அவர் உணர்ந்தார். கிருமி நோயின் ஒரு பாதியே; அதனை எதிர்க்க இயலாத உடல் மறுபாதி என்பது அவரது கருத்தாயிற்று. இவ்வாய்வுகள் 1921இல் நூலாக வெளிவந்தன.

ஆனால், சிக்கன நடவடிக்கை என்னும் பெயரில் அரசு 1923இல் இவ்வாய்வை நிறுத்தியது. 1925இல் அவர் மீண்டும் குன்னூர் வந்து பணியைத் தொடர்ந்தார். கோயம்புத்தூர் வேளாண் வேதியியலாளர் விசுவநாத்துடன் இணைந்து, நிலத்திற்கு இடும் எரு தானியத்தின் சத்தை மாற்றுகிறதா என ஆராய்ந்து 1926இல் கட்டுரை வெளியிட்டார். மண்ணின் நலமும் மனிதரின் நலமும் ஒரே சங்கிலியின் கண்ணிகள் என அவர் கருதினார். 1928இல் அந்த ஆய்வுப் பிரிவு ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக உயர்ந்தது. அவரே அதன் முதல் இயக்குநரானார்.

தெரிந்து தெளிவோம்

நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் என்னும் உயிர்ச்சத்து அரிசியின் உட்புறம் ஊடுருவுகிறது. ஆகவே, தீட்டிய பின்னும் அதில் ஒரு பகுதி புழுங்கல் அரிசியில் எஞ்சுகிறது. புழுங்கல் அரிசி உண்ட பகுதிகளில் பெரிபெரி அரிதாக இருந்ததற்கு இதுவே காரணம்.

எலிகள் உரைத்த உண்மை

அக்கால ஆட்சியாளர், சில இனத்தாரைப் போர்க்குடிகள் எனவும் ஏனையோரை வலிமையற்றவர் எனவும் பகுத்திருந்தனர். மெக்காரிசன் ஒரே வகையைச் சேர்ந்த இளம் வெள்ளை எலிகளைக் குழுக்களாகப் பிரித்து, சீக்கியர், பத்தானியர், மராட்டியர், வங்காளியர், சென்னை மாகாணத்தார் முதலிய பல பகுதி மக்களின் உணவைத் தனித்தனியே அளித்தார். முழுக்கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, பசுங்காய் ஆகியவற்றை உண்ட குழு செழித்து வளர்ந்தது. பெரும்பாலும் அரிசியையே உண்டு, பாலும் காயும் போதாமல் வளர்ந்த சென்னை மாகாண உணவுக் குழு மிகவும் பின்தங்கியது.

தமிழர்க்கு இம்முடிவு கசப்பானது. ஆனால் உள்ளே நம்பிக்கை பொதிந்தது. எலிகள் அனைத்தும் ஒரே வகையின. வேறுபட்டது உணவு மட்டுமே. மெலிவு என்பது பிறப்போடு வந்த விதியன்று. வறுமை வகுத்த உணவின் விளைவு. உணவை மாற்றினால் உடலையும் மாற்றலாம்.

நல்லுணவு பெற்ற எலிகளிடம் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக நோயே காணப்படவில்லை. குறையுணவு பெற்றவற்றிலோ நுரையீரல் அழற்சி, குடல் அழற்சி, சிறுநீர்ப்பைக் கல் எனப் பல நோய்கள் தோன்றின.

விதை மரமானது

1933இல் சர் பட்டம் பெற்ற மெக்காரிசன் 1935இல் ஓய்வுபெற்று இங்கிலாந்து சென்றார். மறு ஆண்டு இலண்டனில் ஊட்டச்சத்தும் நாட்டு நலமும் குறித்துத் தொடர் சொற்பொழிவாற்றினார். 1960இல் மறைந்தார். குன்னூரில் அவருக்குப்பின் பொறுப்பேற்ற அய்க்ராய்டு, இந்திய உணவுகளின் சத்து அளவுகளைத் தொகுத்து 1937இல் வெளியிட்டார். 1958இல் ஆய்வுக்கூடம் ஐதராபாத்துக்கு மாறி, பின்னர்த் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது.

அழற்சி தானே ஓய்ந்துவிடுவதில்லை. அதை அடக்குவதற்கென உடல் தனி வேதிப்பொருள்களை ஆக்குகிறது என்பதைப் பிற்கால அறிவியல் கண்டறிந்தது. மீன் போன்ற உணவுகளில் மிகுந்துள்ள ஒமேகா 3 கொழுப்பு அமிலங்களிலிருந்து அவற்றுள் சில உருவாகின்றன. மெக்காரிசன் அப்பொருள்களை அறிந்தவரல்லர். ஆயினும், நோயைத் தாங்கி மீளும் ஆற்றலை உடல் உணவிலிருந்தே பெறுகிறது என்பதைக் குன்னூரின் ஓர் அறையிலிருந்து அவர் உலகிற்குக் காட்டினார். பள்ளிச் சத்துணவிலும் அங்கன்வாடி உணவிலும் பருப்பும் காயும் முட்டையும் இடம்பெற வேண்டிய தேவையை விளக்கும் அறிவியலுக்கு அவ்வறையும் ஒரு தொடக்கமாகும்.