பட்டு வணிகரின் தோட்டம்

ஒஸ்லோவின் தென்புறத்தில் ஹவுகெட்டோவில் இலையுதிர்காலம் தொடங்கினால் எனக்கு ஒரு யப்பானியத் தோட்டம் நினைவுக்கு வரும். யொகொஹாமா நகரில் உள்ள சங்கெய்யென் அது. பெருநகரின் இரைச்சலைக் கடந்து உள்ளே போனால் முதலில் ஒரு குளம். குளத்துக்கு அப்பால் குன்றின்மேல் மூன்றடுக்குப் புத்த கோபுரம். 17 ஹெக்டேர் பரப்புள்ள இத்தோட்டத்தை உருவாக்கியவர் ஹரா தொமிதரோ என்ற பட்டு வணிகர். சங்கெய் என்பது அவர் தமக்கு வைத்துக்கொண்ட கலைப்பெயர்.

1868இல் கிஃபு மாநிலத்துக் கிராமம் ஒன்றில், அஒகி என்னும் குடும்பத்தில் பிறந்தார். தோக்கியோவில் பெண்கள் பாடசாலையொன்றில் ஆசிரியராக இருந்தபோது, அங்கு படித்த யசு என்பவரை மணந்தார். யசு, யொகொஹாமாவின் பெரும் பட்டு வணிகர் ஹரா சென்சபுரோவின் பேத்தி. மருமகன் மனைவியின் குடும்பப் பெயரை ஏற்றார். 1899இல் முதியவர் காலமானதும் வணிகம் இவர் கைக்கு வந்தது. 1902இல் புகழ்பெற்ற தொமியொகா பட்டு ஆலையும் இவர் நிறுவனத்துக்குச் சொந்தமாயிற்று.

பட்டு தந்த பணம் கலைக்குப் போனது. ஓவியங்களைச் சேகரித்தார், ஷிமொமுரா கன்சான் போன்ற ஓவியர்களை ஆதரித்தார். கவனிப்பாரின்றிக் கிடந்த பழைய கட்டடங்களைப் பிரித்தெடுத்துவந்து தோட்டத்தில் மறுபடி நிறுத்தினார். கியோத்தோப் பகுதியில் 1457இல் எழுந்த கோபுரம் 1914இல் இப்படித்தான் இங்கே வந்தது. ஆனால் அதற்கும் முன்பே, 1906இல், வெளித்தோட்டத்தின் கதவைப் பொதுமக்களுக்குக் கட்டணமின்றித் திறந்துவிட்டிருந்தார்.

1916 கோடையில் இத்தோட்டத்துக்கு ஒரு விருந்தாளி வந்தார். அவர் ரவீந்திரநாத் தாகூர். யப்பான் முதலில் அவரைக் கொண்டாடியது. யூன் மாதம் தோக்கியோப் பல்கலைக்கழகத்தில் பேசிய தாகூர், மேற்கின் தேசியவெறியைப் பின்பற்ற வேண்டாம் என்று யப்பானை எச்சரித்தார். அத்தோடு கொண்டாட்டம் அடங்கியது. அடிமை நாட்டுக் கவிஞரின் புலம்பல் என்று பலர் ஏளனம் செய்தனர். ஹராவின் வீட்டுக் கதவு மட்டும் மூடவில்லை. கோடை முடிந்து அமெரிக்கா புறப்படும்வரை தாகூர் அங்கேதான் தங்கினார். அங்கே கண்ட கன்சானின் ஓவியமொன்று அவரைக் கவர்ந்தது. அதைப் பிரதிசெய்த அராய் கம்போ பின்னர் கல்கத்தா சென்று அங்குள்ள ஓவியர்களுக்குக் கற்பித்தார். அதே ஆண்டு வெளிவந்த தமது சிறு கவிதைகளின் ஆங்கில நூலைத் தாகூர் ஹராவுக்கே காணிக்கையாக்கினார்.

1923 செப்டெம்பர் 1ஆம் திகதி நிலநடுக்கம் யொகொஹாமாவைத் தரைமட்டமாக்கியது. தாகூர் தங்கிய மாளிகையும் இடிந்தது. ஹரா கலைப்பொருள் சேர்ப்பதை அத்தோடு நிறுத்தினார். நகர மீளமைப்புக் குழுவுக்குத் தலைமையேற்று, பணத்தையும் உழைப்பையும் அதிலேயே கொட்டினார். 1939இல் காலமானார். போரில் சேதமுற்ற தோட்டம் 1953இல் ஓர் அறக்கட்டளையின் பொறுப்புக்கு வந்து, திருத்தப்பட்டு, இன்றும் திறந்திருக்கிறது.

1926இல் தாகூர் ஒஸ்லோவுக்கும் வந்தார். இந்த நகரில் நாமும் விருந்தாளிகளாகத்தான் வந்து சேர்ந்தோம். விருந்தாளி நன்றி சொன்னால் கேட்க எல்லோருக்கும் பிடிக்கும். அவன் உண்மையைச் சொன்ன பிறகும் அவனுக்குப் பாய் விரித்துவைப்பவர் சிலரே. ஹரா அந்தச் சிலரில் ஒருவர்.