உரையில்லா நூற்பா

ஜெயமங்கலத்திலிருந்து கல்லூரி செல்லும் நம் பிள்ளைகள் தொடக்க ஆண்டுகளில் பயிலும் இயற்கணிதம், முக்கோணவியல், நுண்கணிதம் ஆகியவற்றைச் சீனிவாச இராமானுசன் பெரும்பாலும் ஆசிரியரின்றியே கற்றார். 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். பள்ளி இறுதி நாள்களில், கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணித நூல் அவர் கைக்கு வந்தது. ஏறத்தாழ ஐயாயிரம் முடிவுகள். நிறுவல்களோ மிகச் சில. நம் கவிஞர்களுக்குச் சொல்வதாயின், உரையில்லா நூற்பா. உரையைத் தாமே கண்டார். தம் முடிவுகளையும் அவ்வாறே நிறுவலின்றிக் குறிப்பேடுகளில் எழுதிவைத்தார்.

1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். கணிதமே கதியென இருந்ததால் பிற பாடங்களில் பின்தங்கி அத்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்றும், 1906, 1907 ஆண்டுகளில் அத்தேர்வில் தேறவில்லை. கணிதத்தில் குறையில்லை, அதுதான் கொடுமை. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தரானார்.

1913இல் கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அவ்வாண்டே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வுத்தொகை அளித்தது; எஃப்.ஏ. தேறாதவருக்கு! 1914இல் கப்பலேறினார். 1916இல் கேம்பிரிட்ஜ் பட்டம்; 1918இல் இராயல் கழக உறுப்பினர். நோயுற்று 1919இல் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26 அன்று முப்பத்திரண்டு வயதில் சென்னையில் மறைந்தார்.

அவருடைய குறிப்பேடுகளுக்கு அமெரிக்கரான புரூஸ் பெர்ண்ட் எழுதிய விளக்கம் 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது.