மேரி லாவோ: சூனியக்காரியா, ஊருக்கு உதவிய மனுஷியா? நியூ ஆர்லியன்ஸ் வூடூ ராணியின் நிஜக் கதை

வூடூன்னு சொன்னதும் பலருக்கும் ஞாபகம் வருவது ஒரு துணிப் பொம்மை, அதில் குத்தியிருக்கும் ஊசிகள், கூடவே மண்ணைக் கிளறிக்கொண்டு எழுந்து வரும் ஜாம்பி. தமிழ் டப்பிங்கில் இதற்கு பில்லி சூனியம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் மேற்கு ஆப்பிரிக்காவிலும் ஹைதியிலும் இது கோடிக்கணக்கானவர்களுக்குச் சாமி கும்பிடும் முறை.

அமெரிக்காவில் இந்த வழிபாட்டின் முகமாக இன்றுவரை பேசப்படுபவர் மேரி லாவோ. இறந்து 140 ஆண்டுகளுக்கு மேலாகியும் அவரது கல்லறைக்குக் கூட்டம் குறையவில்லை. அவர் யார்? அவரைப் பற்றிய கதைகளில் எது நிஜம், எது கட்டுக்கதை?

வூடூ என்றால் என்ன?

மேற்கு ஆப்பிரிக்காவில் இன்றைய பெனின் நாடு இருக்கும் பகுதியில் வாழும் ஃபோன் மக்களின் மொழியில் வோடுன் என்றால் தெய்வ சக்தி, ஆவி என்று பொருள். அடிமைகளாகக் கப்பலில் ஏற்றப்பட்ட மக்கள், கூடவே தங்கள் சாமிகளையும் அட்லாண்டிக் கடல் தாண்டிக் கொண்டுபோனார்கள்.

ஹைதியில் வளர்ந்த வோடூவில், உலகைப் படைத்த ஒரே கடவுள் போந்யே. அவர் எட்டாத தொலைவில் இருப்பவர். அன்றாடக் கஷ்டங்களுக்கு மக்கள் அணுகுவது ல்வா எனப்படும் தெய்வங்களைத்தான். ஒவ்வொரு ல்வாவுக்கும் தனிப் பாட்டு, தனித் தாளம், பிடித்த நிறம், பிடித்த படையல் உண்டு. தாளம் உச்சத்துக்குப் போகும்போது பக்தர் மேல் தெய்வம் இறங்கும். நம் ஊரில் சாமி வந்து ஆடுவது, அருள்வாக்கு சொல்வது எல்லாம் பார்த்தவர்களுக்கு இது விளங்கச் சிரமமில்லை.

கத்தோலிக்கப் புனிதர்கள் இதில் எப்படிக் கலந்தார்கள்? பிரெஞ்சுக் காலனிகளில் அடிமைகளுக்குக் கட்டாயம் ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. அதனால் தேவாலயப் படங்களிலேயே அவர்கள் தங்கள் தெய்வங்களைக் கண்டுகொண்டார்கள். வாசல் காக்கும் லெக்பா, சாவி வைத்திருக்கும் புனித பேதுருவானார். பாம்புத் தெய்வமான தம்பாலா, காலடியில் பாம்புகளோடு வரையப்படும் புனித பாட்ரிக் ஆனார்.

நியூ ஆர்லியன்ஸுக்கு எப்படி வந்தது?

லூசியானாவில் 1724ல் வந்த பிரெஞ்சு அடிமைச் சட்டம் ஞாயிற்றுக்கிழமை வேலை வாங்கக் கூடாது என்றது. அந்த ஒரு நாளில்தான் அடிமைகள் கூடினார்கள், பறை அடித்தார்கள், ஆடினார்கள், பொருள் விற்றார்கள். 1817ல் நகர நிர்வாகம் இந்தக் கூட்டங்களை ஞாயிறன்று, மேயர் குறிக்கும் இடத்தில் மட்டும் நடத்த அனுமதித்தது. அந்த இடம்தான் பின்னால் காங்கோ சதுக்கம் என்று பெயர் பெற்றது.

இன்னொரு பக்கம், 1791ல் ஹைதியில் அடிமைகள் கிளர்ந்தெழுந்து 1804ல் தனி நாடே அமைத்துவிட்டார்கள். அந்தப் போருக்குத் தப்பி கியூபாவில் ஒதுங்கியிருந்த சுமார் 9,000 பேர் 1809-10ல் நியூ ஆர்லியன்ஸில் வந்து இறங்கினார்கள். நகரத்தின் மக்கள்தொகை கிட்டத்தட்ட இரட்டிப்பானது. வெள்ளையர், சுதந்திரமான கறுப்பினத்தவர், அடிமைகள் என எல்லோரும் அதில் இருந்தார்கள். ஹைதியின் வழிபாடு ஏற்கெனவே இங்கிருந்த வழிபாட்டோடு கலந்தது இப்படித்தான்.

யார் இந்த மேரி லாவோ?

1801 செப்டம்பரில் நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவர். பாட்டி கேத்தரின் அடிமையாக இருந்து, பணம் சேர்த்துத் தன்னைத் தானே விலைக்கு வாங்கி விடுதலை பெற்றவர். லூசியானாவை ஸ்பெயின் ஆண்ட காலத்தில் அதற்குச் சட்டத்தில் வழி இருந்தது. பிரெஞ்சுக் குடியிருப்புப் பகுதியின் செயின்ட் ஆன் தெருவில் கேத்தரின் சொந்த வீடும் கட்டினார். அம்மா மார்கரெட்டும் அடிமையாக இருந்து விடுதலை ஆனவர். அந்தக் குடும்பத்தில் பிறக்கும்போதே சுதந்திரமாகப் பிறந்தவர் மேரி.

1819 ஆகஸ்டில் செயின்ட் லூயி தேவாலயத்தில் ழாக் பாரிஸ் என்பவரைக் கல்யாணம் செய்தார். ஹைதியிலிருந்து வந்த குடும்பம், மர வேலை தெரிந்தவர். சில வருடங்களிலேயே அவர் ஆவணங்களிலிருந்து மறைந்துவிடுகிறார். அதன்பிறகு கடைசிவரை மேரிக்கு ஊரில் பெயர் விதவை பாரிஸ்.

அடுத்து கிறிஸ்டோஃப் கிளாபியான் என்ற வெள்ளையரோடு சுமார் 30 வருடம் சேர்ந்து வாழ்ந்தார். நிறம் தாண்டிய கல்யாணத்தைச் சட்டம் தடுத்ததால் தாலி கட்டாத குடும்பம்தான். 15 பிள்ளைகள் என்று கதை சொல்வார்கள். பதிவேடுகள் காட்டுவது ஏழு பேரை. அவர்களில் வளர்ந்து பெரியவர்களானது இரண்டு மகள்கள் மட்டுமே.

வூடூ ராணி என்ன செய்தார்?

செயின்ட் ஆன் தெரு வீட்டில் பூஜை நடந்தது. பீடத்தில் புனிதர் சிலைகள், மெழுகுவத்திகள், படையல். கத்தோலிக்க ஜெபத்தில் தொடங்கி ஆப்பிரிக்கத் தெய்வங்களை அழைப்பதில் முடியும். கறுப்பினத்தவர் மட்டுமில்லாமல் வெள்ளைக்காரப் பெண்களும் ஆலோசனை கேட்டு வந்தார்கள். கோர்ட் கேஸ், ஓடிப்போன புருஷன், தீராத நோய் என்று ஆளுக்கொரு பிரச்னை.

அவர்களுக்குக் கிடைத்தது கிரி-கிரி. மூலிகை, வேர், பொடி போன்றவற்றை வைத்துக் கட்டிய சின்னப் பை. நம் ஊர்த் தாயத்து மாதிரி. ஜூன் 23 இரவு, புனித ஜானின் விழாவுக்கு முந்தைய இரவில், ஏரிக்கரைப் பக்கம் பெரிய கூட்டு வழிபாடு நடக்கும்.

இதோடு மரண தண்டனைக் கைதிகளைப் பார்க்கச் சிறைக்கும் போனார். தூக்குக்குக் காத்திருப்பவர்களின் அறையிலேயே பீடம் அலங்கரித்து அவர்களோடு ஜெபித்தார் என்று 1871ல் பத்திரிகைச் செய்தி வந்தது. மஞ்சள் காய்ச்சல் ஊரைச் சூறையாடிய காலத்தில் நோயாளிகளைக் கவனித்துக்கொண்டார் என்று அவரது மரணச் செய்திகள் சொல்கின்றன. அந்தக் காய்ச்சல் 1853ல் மட்டும் நகரில் சுமார் 8,000 பேரைக் கொன்றது. நோய் எப்படிப் பரவுகிறது என்றே தெரியாத காலம் அது. பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் கொடுக்க ஒரு ஆள் இருப்பதே பெரிய வைத்தியம்.

கோர்ட் படியேறிய ராணி

1850 கோடையில் வூடூ கூட்டங்களுக்குள் போலீஸ் புகுந்து பெண்களைக் கைது செய்தது. காரணம் மதம் மட்டுமில்லை. அடிமைகளும் சுதந்திரமான கறுப்பினத்தவரும் சில வெள்ளையரும் ஒரே அறையில் கூடுவதே ஆட்சியாளர்களுக்குப் பயம். ஹைதி புரட்சிக்கு முன் ஒரு வோடூ சடங்கு நடந்தது என்ற செய்தி அவர்களுக்கு மறக்கவில்லை.

அந்த ஜூலையில் மேரி லாவோ நீதிமன்றம் போனார், குற்றவாளியாக இல்லை, புகார்தாரராக. 50 டாலர் மதிப்புள்ள கன்னி சிலையை ஒரு காவலர் ஏமாற்றி வாங்கிவிட்டார் என்பது புகார். கறுப்பினப் பெண் ஒருவர் காவலர் மேலேயே வழக்குப் போட்டது அன்றைக்குச் சாதாரண விஷயமில்லை.

பலரும் பேசாத பக்கம்

அடிமைகளுக்கு ரகசியமாக உதவிய வீராங்கனை என்று அவரைக் கொண்டாடும் கதைகள் நிறைய. ஆனால் அவரும் கிளாபியானும் அடிமைகளை வாங்கி, வைத்திருந்து, விற்றதற்குக் கிரயப் பத்திரங்கள் இருக்கின்றன. தானே விலை கொடுத்து விடுதலை வாங்கிய பாட்டியின் பேத்தி இன்னொருவரை விலைக்கு வாங்கினார் என்பது ஜீரணிக்கக் கஷ்டமான உண்மை. அந்த நகரில் சுதந்திரமான கறுப்பினத்தவர் பலர் அடிமைகளை வைத்திருந்தார்கள். அது விளக்கம்தான், நியாயம் ஆகாது.

பணக்காரி என்ற பேச்சும் சரியில்லை. 1855ல் கிளாபியான் இறந்ததும் கடனுக்காகப் பாட்டி கட்டிய வீடே ஏலத்துக்குப் போனது. வாங்கியவர் குடும்பத்தை அங்கேயே இருக்க விட்டதால் கடைசிவரை அந்தக் கூரையின் கீழ் வாழ முடிந்தது. பணக்கார வீடுகளில் தலை அலங்காரம் செய்து ரகசியங்களைச் சேகரித்தார் என்பதும் பிற்காலக் கதையே. ஆவணங்களில் அந்தத் தொழில் இல்லை.

ஒரே மரணம், இரண்டு செய்திகள்

1881 ஜூன் 15ல், 80 வயதை நெருங்கும்போது இறந்தார். வயது 98 என்று பத்திரிகைகள் எழுதின. ஒரு பத்திரிகை அவரை ஏழைகளுக்கு உதவிய பக்தியுள்ள பெண்மணி என்று புகழ்ந்தது. இன்னொன்று மூடநம்பிக்கையின் தலைவி என்று கேலி செய்தது. மகள் பிலோமீனுக்கோ அம்மா ஒரு நல்ல கத்தோலிக்கர், அவ்வளவுதான்.

மேரிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. தன்னைப் பற்றி ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. அதனால் அவர் கதையை எழுதியதெல்லாம் அடுத்தவர்கள்தான்.

பொம்மையும் ஊசியும் எங்கிருந்து வந்தன?

உருவப் பொம்மை செய்து கெடுதல் வைக்கும் பழக்கம் ஐரோப்பிய மாந்திரீகத்திலும் பழசு. அதை வூடூவின் தலையில் கட்டியது புத்தகங்களும் சினிமாவும். 1915 முதல் 1934 வரை அமெரிக்க ராணுவம் ஹைதியை ஆக்கிரமித்திருந்தது. அந்தக் காலத்தில் வந்த பயணக் கதைகளும் 1932ல் வந்த ஒயிட் ஜாம்பி படமும் ஹைதி மக்களைக் காட்டுமிராண்டிகளாகக் காட்டின. ஒரு நாட்டைப் பிடித்து வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சித்திரம் வசதியாக இருந்தது. ஹைதி அரசு 2003ல் வோடூவை அதிகாரபூர்வ மதமாக ஏற்றது. பெனினில் ஆண்டுதோறும் ஜனவரியில் வோடுன் விழா, அரசு விடுமுறை.

கல்லறையில் இன்று

செயின்ட் லூயி கல்லறைத் தோட்டம் எண் 1ல், கிளாபியான் குடும்பக் கல்லறையில் மேரி இருப்பதாக நம்பப்படுகிறது. மூன்று எக்ஸ் போட்டு வேண்டினால் நினைத்தது நடக்கும் என்று யாரோ கிளப்பிவிட, சுற்றுலாப் பயணிகள் சுவர் முழுக்கக் கிறுக்கித் தள்ளினார்கள். 2013ல் ஒருவர் கல்லறைக்கே இளஞ்சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டுப் போனார். அதைச் சுரண்டி எடுத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவர மாதக்கணக்கில் ஆனது. 2015 மார்ச் முதல் உரிமம் பெற்ற வழிகாட்டியோடு மட்டுமே சுற்றுலாப் பயணிகள் உள்ளே போக முடியும். எக்ஸ் போடுவது இப்போது அங்கே தண்டனைக்குரிய குற்றம்.