இன்சுலின் தந்த டாக்டர் பாண்டிங்



நவம்பர் 14 என்றதும் நம்ம எல்லாருக்கும் நேரு மாமாதான் ஞாபகத்துக்கு வருவார். குழந்தைகள் தினம், மிட்டாய், பேச்சுப் போட்டி! அதே நாள்தான் உலக நீரிழிவு நாளும். ஏன் தெரியுமா? இன்சுலினைக் கண்டுபிடித்த டாக்டர் ஃபிரடெரிக் பாண்டிங் பிறந்த நாள் அது. அவரைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதுகிறேன்.

பிறப்பும் படிப்பும்

பாண்டிங் 1891-ஆம் ஆண்டு கனடா நாட்டில் அல்லிஸ்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் இவர்தான் கடைக்குட்டி. பெரிய விஞ்ஞானி என்றால் எப்பவும் முதல் ரேங்க்தான் வாங்கியிருப்பார் என்று நாம் நினைப்போம். ஆனால் டொரண்டோ பல்கலைக்கழகத்தில் முதல் வருஷப் பரீட்சையில் இவர் தோற்றுவிட்டார். அதோடு விட்டுவிடாமல் 1912-ல் மருத்துவப் படிப்பில் சேர்ந்தார்.

முதல் உலகப் போருக்கு டாக்டராகப் போனார். 1918-ல் பிரான்சில் குண்டுச் சிதறல் பட்டுக் கையில் காயம். அந்தக் காயத்தோடயே மற்ற வீரர்களுக்கு வைத்தியம் பார்த்தார். அதற்காக இராணுவப் பதக்கம் கிடைத்தது.

ஊர் திரும்பி 1920-ல் லண்டனில் கிளினிக் வைத்தார். இது இங்கிலாந்து லண்டன் இல்லை, கனடாவிலும் ஒரு லண்டன் இருக்கிறது. நோயாளிகளே வரவில்லை. முதல் மாத வருமானம் வெறும் 4 டாலர். அதனால் அங்கே இருந்த கல்லூரியில் பாடம் சொல்லிக் கொடுக்கவும் போனார்.

ஹார்மோன் என்றால் என்ன?

அவர் கண்டுபிடித்தது புரிய வேண்டும் என்றால் முதலில் இது தெரியணும். உமிழ்நீர், வியர்வை எல்லாம் சின்னக் குழாய் வழியாக வெளியே வருகின்றன. சில சுரப்பிகளுக்குக் குழாயே கிடையாது. அவை சுரப்பது நேராக இரத்தத்தில் கலந்துவிடும். இரத்தம் போகிற இடமெல்லாம் அதுவும் போகும். ஆனால் எந்த உறுப்புக்கு உரியதோ அங்கேதான் வேலை செய்யும். இதுதான் ஹார்மோன். இந்தப் பெயரை 1905-ல் ஸ்டார்லிங் என்ற ஆங்கிலேயர் வைத்தார். நாய் துரத்தும்போது நெஞ்சு படபடன்னு அடிக்குதே, அது அட்ரினலின் என்ற ஹார்மோனின் வேலை.

நம் வயிற்றில் இரைப்பைக்குப் பின்னால் கணையம் இருக்கிறது. அதற்கு இரண்டு வேலை. செரிமான நீரைக் குழாய் வழியாகக் குடலுக்கு அனுப்பும். அதற்குள்ளேயே திட்டுத் திட்டாக இருக்கும் வேறு செல்கள் இன்சுலின் என்ற ஹார்மோனை இரத்தத்தில் விடும்.

நாம் சாப்பிடும் சோறு குளுக்கோஸ் ஆகி இரத்தத்தில் சேருகிறது. அது செல்லுக்குள் போனால்தான் உடம்புக்குத் தெம்பு. உள்ளே போக வழி திறந்து விடுவது இன்சுலின். அது இல்லாவிட்டால் என்ன ஆகும்? வாய்க்காலில் தண்ணீர் நிரம்பி வழியும், மடை மட்டும் அடைத்திருக்கும், வயலில் பயிர் காயும். அப்படித்தான் இரத்தத்தில் சர்க்கரை தேங்கி, சிறுநீரில் வீணாகப் போகும். உடம்போ பட்டினியில் வாடும்.

இன்சுலின் கண்டுபிடிப்பதற்கு முன்னால் இந்த நோய் வந்த குழந்தைகளுக்கு மருந்தே இல்லை. சாப்பாட்டை ரொம்பக் குறைத்துப் பட்டினி போடுவதுதான் வைத்தியம். எலும்பும் தோலுமாகிக் கொஞ்ச நாளில் இறந்து போவார்கள்.

ராத்திரி வந்த யோசனை

1920 அக்டோபர் கடைசியில் ஒரு ராத்திரி, மறுநாள் பாடத்துக்காகப் பாண்டிங் கணையம் பற்றிப் படித்துக்கொண்டிருந்தார். தூக்கம் வரவில்லை. கணையத்தை அரைத்துச் சாறு எடுத்தால் செரிமான நீரே இன்சுலினைக் கெடுத்துவிடும் என்று அப்போது நினைத்தார்கள். குழாயைக் கட்டிவிட்டால் செரிமான நீர் சுரக்கும் பகுதி சுருங்கிவிடும், மீதியில் இருந்து அந்தப் பொருளை எடுக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. உடனே எழுந்து நோட்டில் குறித்து வைத்தார்.

டொரண்டோ பேராசிரியர் மக்ளியாட் ஆய்வு செய்ய இடமும் நாய்களும் கொடுத்தார். உதவிக்கு இரண்டு மாணவர்களில் யார் முதலில் வருவது என்று பூவா தலையா போட்டுப் பார்த்ததில் சார்லஸ் பெஸ்ட் வந்தார். 1921 மே மாதம் வேலை தொடங்கியது. நல்ல வெயில் காலம். நாய்கள் பல செத்துப் போயின. இதைப் படித்தபோது எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. ஜூலை கடைசியில், கணையம் எடுக்கப்பட்ட ஒரு நாய்க்கு இவர்கள் எடுத்த சாறை ஊசியில் ஏற்றியதும் சர்க்கரை இறங்கியது! பிறகு குழாயைக் கட்டவே தேவையில்லை, மாட்டுக் கணையத்தில் இருந்தே எடுக்கலாம் என்றும் தெரிந்தது. கொலிப் என்ற வேதியியல் அறிஞர் வந்து அதைச் சுத்தம் செய்து கொடுத்தார்.

பதினாலு வயசுப் பையன்

1922 ஜனவரி 11. டொரண்டோ ஆஸ்பத்திரியில் லியோனார்டு தாம்சன் என்ற பையன் சாகும் நிலையில் கிடந்தான். அவனுக்கு 14 வயசு. என் வயசுதான்! எடை 30 கிலோகூட இல்லை. மனிதர்களில் முதலில் அவனுக்குத்தான் இவர்களுடைய ஊசியைப் போட்டார்கள். சரியாகப் பலிக்கவில்லை, ஊசி போட்ட இடம் வீங்கிவிட்டது. ஜனவரி 23-ல் கொலிப் சுத்தம் செய்த மருந்தைப் போட்டார்கள். சர்க்கரை மளமளவென்று இறங்கியது. பையன் எழுந்து உட்கார்ந்தான். அதன்பிறகு 13 வருஷம் வாழ்ந்தான்.

இந்த மருந்தை விற்றிருந்தால் பாண்டிங் பெரிய கோடீஸ்வரர் ஆகியிருக்கலாம். ஆனால் 1923-ல் பாண்டிங், பெஸ்ட், கொலிப் மூன்று பேரும் ஆளுக்கு ஒரே ஒரு டாலர் வாங்கிக்கொண்டு உரிமையைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அதே வருஷம் பாண்டிங்குக்கும் மக்ளியாடுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பெஸ்ட்டை விட்டுவிட்டார்களே என்று வருத்தப்பட்டுத் தன் பணத்தில் பாதியைப் பெஸ்ட்டுக்குக் கொடுத்தார் பாண்டிங். மக்ளியாடும் தன் பங்கில் பாதியைக் கொலிப்புக்குக் கொடுத்தார். மருத்துவ நோபல் வாங்கியவர்களில் இன்றுவரை மிக இளையவர் பாண்டிங்தான். 1941 பிப்ரவரியில், இரண்டாம் உலகப் போர் சமயத்தில், நியூஃபவுண்ட்லாந்தில் நடந்த விமான விபத்தில் 49 வயதில் காலமானார்.

நாம் என்ன செய்யலாம்?

எங்க தெருவில் ஒரு தங்கச்சிக்கு மூணாம் வகுப்பிலேயே சர்க்கரை வந்துவிட்டது. தினமும் ஊசி போட்டுக்கொள்கிறாள். யாரோ சொன்னதைக் கேட்டு ஊசியை நிறுத்திவிட்டு வேர்க் கஷாயம் கொடுத்தார்கள். ரெண்டே நாளில் வாந்தி, மேல்மூச்சு கீழ்மூச்சு. 108-ல் தூக்கிக்கொண்டு ஓடி, அரசு ஆஸ்பத்திரியில்தான் காப்பாற்றினார்கள்.

மிட்டாய் தின்றதால் அவளுக்கு நோய் வரவில்லை. நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தவறுதலாக இன்சுலின் செல்களை அழித்துவிடுவதால் வருவது இது. தாத்தா பாட்டிக்கு வருவது பெரும்பாலும் வேறு வகை. அவர்களுக்கு இன்சுலின் இருக்கும், சரியாக வேலை செய்யாது. அதனால் பலருக்கு மாத்திரை போதும் என்பார்கள். ஆனால் இவளுக்கு ஊசிதான் உயிர். நம் உடம்பில் தானாகச் சுரப்பது அவளுக்கு ஊசியில் போகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். இது ஒட்டிக்கொள்ளும் நோயும் கிடையாது. அவள் டம்ளரில் தண்ணீர் குடிக்கலாம், பக்கத்தில் உட்காரலாம், சேர்ந்து நொண்டி விளையாடலாம்.

ஒன்று மட்டும் எல்லாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஊசி போடும் பிள்ளைக்கு திடீரென்று வேர்த்து, கை நடுங்கி, தலை சுற்றினால் சர்க்கரை ரொம்ப இறங்கிவிட்டது என்று அர்த்தம். உடனே சர்க்கரையோ குளுக்கோஸோ வாயில் போடச் சொல்லி, ஓடிப்போய் டீச்சரைக் கூப்பிடுங்கள். மயங்கி விழுந்துவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

வருகிற நவம்பர் 14-ல் நேரு மாமாவோடு டாக்டர் பாண்டிங்கையும் நினைப்போம்.



— 9-ஆம் வகுப்பு மாணவி