விடை எழுதப்படாத வினாக்கள்: ஆறுமுக நாவலரின் ஆசிரிய வாழ்வும் உரைநடைக் கட்டமைப்புப் பயிற்சியும்

ஆய்வுச் சுருக்கம்

யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) சைவ மீட்பராகவும் பதிப்பாசிரியராகவும் விரிவாக ஆராயப்பட்டுள்ளார். பொருள் விளக்கும் உரைநடையைச் சிறுவர் பகுத்துப் படிக்கும் வகையில் அமைத்துத் தந்த பள்ளி ஆசிரியராக அவரை இக்கட்டுரை அணுகுகிறது. அவருடைய நூல்களில் இருவகை வினாக்கள் உள்ளன என்பதும், ஒருவகை மாணவரைப் பனுவலின் அமைப்பை நோக்கித் திருப்ப, மற்றொருவகை மனனத்தில் நிறுத்துகிறது என்பதும் இதன் வாதமாகும்.

திறவுச்சொற்கள்: ஆறுமுக நாவலர், பாலபாடம், இலக்கணச் சுருக்கம், காண்டிகையுரை, உரைநடைக் கட்டமைப்பு.

முன்னுரை

நடுநிலை வகுப்பு மாணவர் கதையையும் பாடலையும் படிப்பதில் காட்டும் எளிமையைத் தகவல்சார் உரைநடையைப் படிப்பதில் காட்டுவதில்லை. ஒரு பத்தியில் வரையறை எங்கே முடிகிறது, காரணம் எங்கே தொடங்குகிறது, எடுத்துக்காட்டு எதற்காக வந்தது என்று கேட்டால் பலர் பத்தி முழுவதையும் ஒப்புவித்துவிடுகின்றனர். இச்சிக்கலைப் பேசும் கல்வியியல் எழுத்துகள் பெரும்பாலும் மேலைக் கோட்பாடுகளிலிருந்தே தொடங்குகின்றன. ஒரு நூலின் உறுப்புகளைப் பெயரிட்டு அவற்றின் தொடர்பை ஆராயும் மரபு தமிழுக்குப் புதியதன்று. அம்மரபை அச்சுப் பாடநூலுக்குள்ளும் வகுப்பறைக்குள்ளும் கொண்டுவந்தவர்களுள் நாவலர் முதன்மையானவர். அருட்பா தொடர்பான பூசலும் சமயக் கண்டனங்களும் அவரைப் பற்றிய ஆய்வுகளில் பெற்ற இடத்தைப் பாலபாடங்கள் பெறவில்லை என்பது இவ்வாய்வாளரின் குறை.

இரு கல்விகளுக்கிடையே

நாவலர் 1822 திசம்பர் 18 அன்று நல்லூரில் கந்தப்பிள்ளைக்கும் சிவகாமிக்கும் மகனாகப் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். சரவணமுத்துப் புலவரிடமும் அவருடைய ஆசிரியரான சேனாதிராய முதலியாரிடமும் தமிழ் கற்றார். பின்னர் யாழ்ப்பாணத்து வெசுலியன் மிஷன் பள்ளியில் ஆங்கிலம் பயின்று, அங்கேயே ஆசிரியராகவும் அமர்ந்தார். அப்பள்ளியை நடத்திய பீற்றர் பார்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புப் பணியில் அவருக்குத் துணைநின்றார்.

அக்கால யாழ்ப்பாணச் சூழலைக் கருதாமல் இவ்விரட்டைக் கல்வியின் பயனை அளவிட இயலாது. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி மேலை அறிவியலைக் கற்பித்துவந்தது. 1841இல் உதயதாரகை இதழ் வெளிவரத் தொடங்கியது. நாவலர் பிறந்த அதே 1822இல் அமெரிக்காவில் பிறந்த மருத்துவர் சாமுவேல் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, அதற்கான நூல்களையும் தமிழில் ஆக்கினார். செய்தியையும் அறிவியலையும் மருத்துவத்தையும் சுமக்கும் உரைநடை அப்பகுதியில் உருவாகிக்கொண்டிருந்த காலம் அது. அவ்வுரைநடையைப் படிக்கும் திறன் எதனால் அமையும் என்ற கேள்வி, புலவரிடம் நிகண்டும் இலக்கணமும் கற்றுப் பாதிரியாரிடம் வாக்கிய வாக்கியமாக மொழிபெயர்ப்பு ஆய்ந்த ஓர் இளைஞருக்கு இயல்பாகவே எழுந்திருக்க வேண்டும்.

1847 திசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயிலில் தம் முதற் சைவப் பிரசங்கத்தை நிகழ்த்திய நாவலர், 1848இல் அங்குச் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, மிஷன் பள்ளிப் பணியைத் துறந்தார். பள்ளி தொடங்கிய பின்னரே பாடநூல் இல்லாக் குறை தெரிந்தது. அச்சியந்திரம் வாங்குவதற்காக 1849இல் தமிழகம் வந்தபோது திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் பட்டம் அளித்தது. பட்டத்தினும் அச்சியந்திரத்தைப் பெரிதாகக் கொள்வது இக்கட்டுரையின் நோக்குக்குப் பொருந்தும். வித்தியாநுபாலன யந்திரசாலை என்ற அவ்வச்சகம் இல்லையேல் பாலபாடம் இல்லை.

பாலபாடத்தின் அமைப்பு

பாலபாடங்கள் படிநிலை உடையவை. எழுத்திலிருந்து சொல்லுக்கும், சொல்லிலிருந்து சிறு வாக்கியத்துக்கும், அங்கிருந்து தொடர்ந்த உரைநடைக்கும் மாணவரை நகர்த்துகின்றன. நான்காம் பாலபாடம் முழுமையான பொருள்விளக்கக் கட்டுரைகளால் ஆனது. கொலை, கள்ளுண்ணல், களவு, சூது, கல்வி, செய்ந்நன்றியறிதல் போன்றவை அதன் தலைப்புகள். பொருள் பழைய அறநூற் பொருளே, அமைப்பே புதியது.

கள்ளுண்ணல் பற்றிய பாடத்தை எடுத்துக்கொள்ளலாம். முதலில் அச்சொல்லுக்கு வரையறை வருகிறது. அவ்வரையறை கள் என்னும் ஒரு பொருளில் நில்லாமல், அறிவை மயக்கும் பிறவற்றையும் உள்ளடக்குகிறது. அதன் பின்னரே அதனால் உடலுக்கும் பொருளுக்கும் குடும்பத்துக்கும் விளையும் கேடுகள் கூறப்படுகின்றன. இறுதியில் விலக்க வேண்டிய கடன் வருகிறது. பத்திகளின் வரிசையை மாற்றினால் வாதம் சிதையும். கேடுகளைக் கூறும் பகுதி வரையறையின் விரிவைச் சார்ந்தே நிற்பதால், வரையறையைத் தவறவிட்ட மாணவர் பின்வருவதன் எல்லையை அறியமாட்டார். 'ஆவது' என்று தொடங்கி 'ஆம்' என்று முடியும் வாக்கிய வடிவமே வரையறைக்கு அடையாளமாக நிற்கிறது. கல்வி முதலிய பிற தலைப்புகளிலும் அவ்வடையாளம் மீள்வதால், படிக்கும் சிறுவர் கண் அதைத் தேடப் பழகிவிடும்.

நிறுத்தக்குறிகளையும் இந்நோக்கில் காண வேண்டும். காற்புள்ளி முதலியவற்றை மரபுவழித் தமிழ்ப்புலவருள் முதன்முதலாக முறையாக ஆண்டவர் நாவலர் என்பர். மிஷன் அச்சு நூல்களில் அவை முன்பே இருந்தன. ஆதலின் அவற்றைப் புகுத்திய பெருமையை அவருக்கு மட்டும் உரியதாக்க வேண்டியதில்லை. நீண்ட வாக்கியத்தில் நிபந்தனை எது, முடிபு எது என்று கண்ணுக்குக் காட்டும் கருவியாக அவற்றைப் பயன்படுத்தியதே அவர் செய்தது. 1852இல் வெளிவந்த பெரியபுராண வசனத்தின் நெடிய வாக்கியங்களை மூச்சு முட்டாமல் படிக்க முடிவது இதனால்தான்.

இம்முறைக்கு மூலம் எது? மேலைப் பாடநூல் ஒன்றே என்பார் உளர். நன்னூல் பாயிரமே போதிய விடை தருகிறது. நூலைச் சூத்திரம், ஓத்து, படலம் எனப் பகுப்பதும், சூத்திரங்கள் ஒன்றையொன்று தொடரும் முறையை ஆற்றொழுக்கு, அரிமாநோக்கு, தவளைப்பாய்த்து, பருந்தின் வீழ்வு என நான்காக்குவதும், உத்திகளை முப்பத்திரண்டாக எண்ணுவதும் கட்டமைப்பாய்வு அன்றி வேறல்ல. நன்னூல் விருத்தியுரையைப் பதிப்பித்து, அந்நூலுக்குக் காண்டிகையுரையும் கண்ட நாவலருக்கு இப்பகுப்புகள் கைவந்தவை. பஞ்சிலிருந்து இழை நூற்கப்படுவதுபோலச் சொல்லிலிருந்து பனுவல் ஆவதாக நன்னூல் உருவகிப்பதும் இவ்விடத்து எண்ணத்தக்கது. ஆரணி போன்ற பட்டு நெசவு ஊர்களில் இவ்வுருவகத்துக்கு உரையே வேண்டியதில்லை; பாவு இழைகள் அச்சில் வரிசைப்பட்ட பின்னரே ஊடை ஓடும் என்பதை அங்கு நெசவாளர் வீட்டுப் பிள்ளை பள்ளிக்கு வருமுன்பே கண்டிருக்கிறது. அப்பிள்ளைக்குப் பத்தியின் அமைப்பைக் கற்பிக்க வெளியிலிருந்து உவமை தேடும் பாடநூல்கள் கைக்கெட்டிய ஒன்றை விட்டுவிடுகின்றன.

இருவகை வினாக்கள்

காண்டிகையுரை கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு, வினா, விடை என்பவற்றால் இயல்வது. இவற்றுள் வினாவை நாவலர் இரு வேறு வழிகளில் கையாண்டார் என்பது இதுவரை போதிய அளவு கவனிக்கப்படவில்லை.

இலக்கணச் சுருக்கம் எழுத்து, சொல், தொடர்மொழி என்னும் மூன்று அதிகாரங்களில் அமைந்தது. விதிகள் எண்ணிடப்பட்ட சிறு பகுதிகளாகத் தரப்படுகின்றன. பகுதிக்குப் பின் தேர்வு வினாக்கள் வருகின்றன, விடை அச்சிடப்படுவதில்லை. ஒன்று யாது, எத்தனை வகைப்படும், எவ்விடத்து வரும் என்று கேட்கப்படும்போது மாணவர் பாடத்துக்குத் திரும்பி, வரையறை நின்ற இடத்தையும் வகை தொடங்கிய இடத்தையும் தாமே காண வேண்டும். வினாக்களின் வரிசை பாடத்தின் வரிசையையே பின்பற்றுவதால், வினாக்களை மட்டும் தொடர்ந்து படித்தாலும் பாடத்தின் எலும்புக்கூடு புலப்படும். நடுநிலை வகுப்பு ஆசிரியர் இன்று தேடும் பயிற்சி ஏறத்தாழ இதுவே.

சைவ வினாவிடை வேறு இயல்புடையது. வினாவும் விடையும் அடுத்தடுத்து அச்சிடப்பட்டுள்ளன; விடையைச் சொல் பிறழாது ஒப்புவிப்பதே மாணவர் கடன். கிறித்தவ ஞானோபதேச நூல்களின் வடிவை இது நெருங்கி நிற்கிறது. எதிர்த்து நின்றவரின் கருவியையே அவர் கையில் எடுத்தார் என்று பலர் பாராட்டியுள்ளனர். கற்பித்தல் நோக்கில் அப்பாராட்டை முழுமையாக ஏற்க இயலவில்லை. சமய நிலைபேற்றுக்கு உறுதியான விடை வேண்டியிருந்தது உண்மையே. ஆயினும் இலக்கண வகுப்பில் திறந்துவிட்ட தேடலைச் சமய வகுப்பில் அவரே மூடினார். பின்வந்த பள்ளிகள் இவ்விரண்டனுள் எதை எளிதாகப் பின்பற்றின என்பதை இன்றைய வினாவிடைக் கையேடுகளே காட்டும்.

வரம்பு ஒன்றையும் மறைக்காமல் கூற வேண்டும். நாவலரின் பள்ளிகள் சாதி வரம்பைக் கடந்தவையல்ல. வருண ஒழுங்கை ஏற்ற அவர், அவ்வொழுங்குக்கு வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளைகளை மனத்திற்கொண்டு பாடநூல் எழுதவில்லை. பகுத்துப் படிக்கும் முறையை யார் கற்கலாம் என்பதில் அவர் வகுத்த எல்லை, அம்முறையின் பயனையே குறுக்கியது.

இறுதி ஆண்டுகள்

1864இல் சிதம்பரத்திலும் சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கப்பட்டது. ஆங்கிலம் கற்க மிஷன் பள்ளிக்கே செல்ல வேண்டியிருந்த நிலையை மாற்ற 1872இல் வண்ணார்பண்ணையில் அவர் அமைத்த சைவாங்கில வித்தியாசாலை சில ஆண்டுகளே நடந்தது. தமிழ்ப் பாடநூலை ஒருவர் உழைப்பால் ஆக்கிவிடலாம். ஆங்கிலப் பள்ளிக்கு வேண்டிய நிலையான பொருளை அவ்வாறு ஈட்ட இயலவில்லை. 1876–77 பஞ்சக் காலத்தில் கஞ்சி வார்க்கும் பணியை முன்னின்று நடத்தினார். 1879 திசம்பர் 5 அன்று மறைந்தார். திருமணம் செய்துகொள்ளாத அவருடைய பள்ளிகளையும் நூற்பதிப்புப் பணியையும் மாணாக்கரும் உறவினரும் தொடர்ந்தனர். முதல் வாழ்க்கை வரலாற்றை எழுதிய கனகரத்தின உபாத்தியாயரும், அவருக்குப் பின் விரிவாக எழுதிய த. கைலாசபிள்ளையும் பிற்கால ஆய்வாளர்க்கு அடிப்படை தந்தனர்.

இலக்கணச் சுருக்கத்தின் தேர்வு வினாக்களை வகைப்படுத்தி, அதே காலத்து மிஷன் பள்ளி நூல்களின் வினாக்களோடு வரிசைப்படி ஒப்பிடும் பணி இனிச் செய்யத்தக்கது. நான்காம் பாலபாடத்தின் கட்டுரைகளையும் அவ்வாறே பத்தி பத்தியாகப் பகுத்து, எட்டாம் வகுப்புக்கு உரியவற்றைத் தெரிந்தெடுக்கலாம். கள்ளுண்ணலும் கல்வியும் அதற்குத் தக்க தொடக்கம்.