நாடு இல்லாதவர்களுக்கு ஒரு பாஸ்போர்ட்: யார் இந்த நான்சென்?

பாஸ்போர்ட் தொலைந்தால் தூதரகத்துக்கு ஓடலாம். நீ எங்கள் குடிமகனே இல்லை என்று சொந்த நாடே சொல்லிவிட்டால் எங்கே ஓடுவது? 1921 டிசம்பரில் லட்சக்கணக்கான ரஷ்யர்கள் இப்படித்தான் நின்றார்கள். புரட்சிக்கும் உள்நாட்டுப் போருக்கும் தப்பி வெளியேறியவர்களின் குடியுரிமையை லெனின் அரசு பறித்துவிட்டது. கையிலிருந்த ஜார் காலத்து பாஸ்போர்ட் வெறும் காகிதமாகிப் போனது. அடுத்த நாட்டுக்குப் போகலாம்னா விசா கிடையாது.

இந்த முடிச்சை அவிழ்க்க வந்தவர் வக்கீல் இல்லை. பனியில் சறுக்கிப் பேர் வாங்கியவர்.

ஃப்ரிட்ஜாஃப் நான்சென் 1861-ல் நார்வேயில், இன்றைய ஓஸ்லோ அருகே பிறந்தார். படித்தது விலங்கியல். 1888-ல் பனிச்சறுக்குக் கட்டைகளோடு கிரீன்லாந்தைக் குறுக்காகக் கடந்தார். 1895-ல் வட துருவத்தை நோக்கி, அதுவரை யாரும் எட்டாத தூரம் போனார். துருவத்தைத் தொடவில்லை, ஆனாலும் ஊர் திரும்பியபோது அவர்தான் ஹீரோ. பிறகு லண்டனில் நார்வேயின் தூதர்.

முதல் உலகப் போர் முடிந்து, 1920-ல் சர்வதேச சங்கம் (ஐ.நா.வுக்கு முந்தைய அமைப்பு) போர்க் கைதிகளை வீடு சேர்க்கும் வேலையை அவரிடம் கொடுத்தது. சிக்கல் என்னன்னா, சோவியத் அரசு அந்தச் சங்கத்தோடு பேசவே தயாரில்லை. நான்சென் என்ற மனிதரோடு பேசத் தயாராக இருந்தது. முகம் கொடுத்துப் பேசக்கூடியவர் என்று இரு தரப்பும் நம்பியது. அந்த ஒரு மரியாதையை வைத்தே 4 லட்சத்துக்கும் அதிகமான கைதிகள் ஊர் திரும்பினார்கள்.

அடுத்து நாடற்றவர்கள். 1922 ஜூலையில் ஜெனீவாவில் அவர் கூட்டிய மாநாட்டில் பிறந்ததுதான் 'நான்சென் பாஸ்போர்ட்'. ஒரே ஒரு தாள். பின்னாளில் அதில் அவர் முகம் போட்ட ஸ்டாம்ப்பும் ஒட்டப்பட்டது. அந்தப் பணம் அகதிகள் நிதிக்குப் போனது. இதை ஏற்றே ஆக வேண்டும் என்று எந்த நாட்டையும் யாரும் கட்டாயப்படுத்த முடியாது. இருந்தும் காலப்போக்கில் 50-க்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்றன. 1924-ல் ஆர்மீனியர்களுக்கும் கிடைத்தது.

உலகக் குடியுரிமைன்னு சொல்லிவிடலாமா? அவ்வளவு தூரம் இல்லை. கொடுத்த நாட்டுக்கே திரும்பி வரும் உரிமைகூட முதலில் அதில் கிடையாது. அதை வைத்திருந்த எழுத்தாளர் நபக்கோவ், அதனால் பட்ட அவமானங்களைக் கசப்போடு எழுதியிருக்கிறார். வரிசையில் நிற்க இடம் கிடைத்தது; கவுன்டரில் இருப்பவர் எப்படி நடத்துவார் என்பது வேறு விஷயம்.

நான்சென் வாழ்க்கையிலும் ஒரு நெருடல் உண்டு. 1922-ல் அமைதிக்கான நோபல் பரிசு வாங்கியவர், அதே சமயத்தில் கிரேக்க-துருக்கி மக்கள் பரிமாற்றத்துக்கும் பாடுபட்டார். 1923 ஒப்பந்தப்படி 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மதத்தை வைத்துப் பிரிக்கப்பட்டு, பிறந்த மண்ணுக்குத் திரும்பவே முடியாமல் போனார்கள். மேலும் ரத்தம் சிந்தாமல் தடுக்க அதுதான் வழி என்று அவர் நினைத்தார். அந்த மக்களை யாரும் கேட்கவில்லை.

1930-ல் நான்சென் காலமானார். 1951 அகதிகள் உடன்படிக்கையின்படி இன்று வழங்கப்படும் பயண ஆவணம், அந்தப் பழைய தாளின் வாரிசு. அதைக் காட்டினால் விசா தருவதா வேண்டாமா என்பது இப்போதும் அந்தந்த நாட்டின் கையில்தான்.